சர்க்கரை இறங்கும்போது பக்கத்தில் யார்?

கடையநல்லூர்ப் பெருமக்களே, தாய்மார்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு வந்திருக்கும் சகோதரிகளே! 

பேச்சைத் தொடங்கும் முன்பு ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறேன். எட்டரை மணிக்குமேல் நான் பேசமாட்டேன். இந்த மண்டபத்தில் ராத்திரி மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தவர்கள் இருப்பீர்கள். சாயங்காலமே ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்களும் இருப்பீர்கள். உங்கள் சாப்பாடு என்னால் அரைமணி நேரம் தள்ளிப்போனால், நான் எந்த ஆபத்தைப் பற்றிப் பேச வந்தேனோ அதை நானே உண்டாக்கியவன் ஆவேன்.

என்ன ஆபத்து அது? சர்க்கரை நோய் என்றதும் நாம் எல்லோரும் எதைப் பேசுகிறோம்? ஏறுவதைப் பேசுகிறோம். "உங்களுக்கு எவ்வளவு இருக்கு?" "முந்நூறு." "எனக்கு இருநூத்து எண்பது." கல்யாண வீட்டுப் பந்தியில் இந்தப் பேச்சுதான், டீக்கடை பெஞ்சிலும் இந்தப் பேச்சுதான். ஏறினால் கண் போகும், கிட்னி போகும், கால் போகும் என்று பயப்படுகிறோம். பயப்பட வேண்டியதுதான். ஆனால் ஏறிய சர்க்கரை கெடுதல் செய்யப் பெரும்பாலும் வருடங்கள் எடுத்துக்கொள்ளும். இறங்கிய சர்க்கரை அரைமணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். அந்த இறக்கத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். புத்தகத்தில் படித்ததை மட்டும் அல்ல, பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். நான் பத்தொன்பது வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறவன்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு சித்திரை மாதம். ஒரு வேலையாகத் தென்காசிக்குப் போனேன். காலையில் ஊசி போட்டேன், இரண்டு இட்லி சாப்பிட்டேன், கிளம்பிவிட்டேன். போன இடத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. பசித்தது. எதிரிலேயே ஓட்டல் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கிடலாம் என்று பஸ் ஏறினேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது. வெயில் என்று நினைத்தேன். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. அதையும் வெயில் என்றே நினைத்தேன். ஜன்னலுக்கு வெளியே நம்முடைய மலை இரண்டு மலையாகத் தெரிந்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கண்டக்டர் டிக்கெட் கேட்டிருக்கிறார். என் கையில் ஐம்பது ரூபாய் நோட்டு இருக்கிறது. அதை அவரிடம் நீட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. நோட்டை மடித்தேனாம், விரித்தேனாம், மறுபடி மடித்தேனாம். மூன்றாவது தடவை கேட்டபோது அவரை வைதேனாம். யாரையும் வைது பழகாத வாய் இது. அவர் என்ன நினைப்பார்? "பட்டப்பகல்லயே ஊத்திட்டு ஏறியாச்சு. அடுத்த ஸ்டாப்புல இறங்கும்வே!" என்றாராம். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் சிரித்தார்களாம்.

அப்போது பின்சீட்டில் இருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். இடுப்பில் குழந்தை. என் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "இவுக குடிக்கல. வாடை வருதா பாருங்க. சட்டை நனைஞ்சிருக்கத பாருங்க. எங்க அம்மைக்கும் இப்படித்தான் வரும். சுகர் இறங்கியிருக்கு." குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த மாம்பழ ஜூஸ் டப்பாவில் குழாயைக் குத்தி என் வாயில் வைத்தார். எனக்கு நினைவு இருக்கிற ஒரே குரல் அந்தக் குரல்தான். "முழுங்குங்க அண்ணாச்சி. முழுங்குங்க. இன்னும் கொஞ்சம்." குழந்தை தன் ஜூஸுக்காக அழுதது. அதுவும் காதில் இருக்கிறது.

எனக்கு முழு நினைவு திரும்பும்போது கடையநல்லூர் வந்துவிட்டது. அந்தப் பெண் இடைகாலிலேயே இறங்கிப் போய்விட்டார். முகம் தெரியாது, பெயர் தெரியாது. கண்டக்டர்தான் என்னைக் கைப்பிடித்து இறக்கி, டீக்கடையில் உட்காரவைத்து, "தெரியாமச் சொல்லிட்டேன், மனசுல வச்சிக்கிடாதீங்க" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்? நான் யாரிடமாவது சொல்லியிருந்தேனா? பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொன்னேனா? சட்டைப் பையில் ஒரு சீட்டாவது எழுதி வைத்திருந்தேனா? வியாதியை ரகசியமாக வைத்திருந்தவன் நான். எனக்கே தெரியாமல் அது வெளியே வந்தபோது, குடிகாரன் என்ற பெயரோடு வந்தது.

ஏன் இப்படி ஆகிறது? ஒரு கணக்குச் சொல்கிறேன், வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். வளர்ந்த ஆளின் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சர்க்கரை 100 என்று ரிப்போர்ட்டில் வந்தால், நூறு மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் என்று பொருள். அப்படியென்றால் ஐந்து லிட்டரிலும் சேர்த்து எவ்வளவு? ஐந்து கிராம். ஒரு தேக்கரண்டி! உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஓடுகிற மொத்த ரத்தத்திலும் ஒரே ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. அது முக்கால் கரண்டிக்கும் கீழே இறங்கினால், அதாவது 70க்குக் கீழே போனால், தாழ்சர்க்கரை. பாதிக் கரண்டியை நெருங்கினால், 54க்குக் கீழே, அபாயம். அடுத்தவர் கை பிடிக்காமல் மீள முடியாது என்கிற நிலை வந்துவிட்டால், எண் எதுவாக இருந்தாலும் அது கடுமையான தாழ்சர்க்கரை.

அந்த ஒரு கரண்டியை நம்பி இருப்பது யார்? மூளை. உடம்பின் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான் மூளை. ஆனால் உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுதான் எடுத்துக்கொள்கிறது. கல்லீரலுக்குச் சர்க்கரையைப் போட்டுவைக்கக் கிட்டங்கி இருக்கிறது, தசைக்கும் இருக்கிறது. மூளைக்குக் கிட்டங்கி கிடையாது. ரத்தம் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. வரத்து குறைந்ததும் உடம்பு மணி அடிக்கிறது. நடுக்கம், வேர்வை, படபடப்பு, அகோரப் பசி, காரணம் இல்லாத கோபம், இதெல்லாம் அந்த மணி. மணி அடித்தும் சாப்பிடாவிட்டால் பேச்சு குழறும், கண் மங்கும், புத்தி தடுமாறும், வெட்டு என்கிற வலிப்பு வரும், நினைவு போகும்.

கவனித்தீர்களா இதை? கால் ஒடிந்தவனுக்குக் கால் ஒடிந்தது தெரியும். பல் வலிக்கிறவனுக்குப் பல் வலிப்பது தெரியும். சர்க்கரை இறங்கியவனுக்கு மட்டும், தெரிந்துகொள்கிற கருவியே முதலில் பழுதாகிறது. பையில் மிட்டாய் இருக்கும், எடுத்து வாயில் போடத் தெரியாது. அதனால்தான் கேட்கிறேன், பக்கத்தில் யார்?

இந்த ஆபத்து புதிதல்ல. இன்சுலின் பிறந்தபோதே கூடப் பிறந்தது. கனடாவில் டொராண்டோ நகரத்தில் 1921ஆம் ஆண்டு பாண்டிங், பெஸ்ட், மக்லியாட், காலிப் என்ற நான்கு பேர் அந்த மருந்துக்காகப் பாடுபட்டார்கள். கணையத்தில் இருந்து எடுத்த சாற்றைக் காலிப் முயலுக்குப் போட்டுப் பார்த்தார். முயல்கள் வெட்டு வந்து விழுந்தன. சர்க்கரைக் கரைசலை ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்தன. மனிதனுக்குப் போட ஆரம்பிக்கும் நேரத்திலேயே, அளவு மிஞ்சினால் என்ன நடக்கும் என்பதை முயல்கள் காட்டிவிட்டன. 1922 ஜனவரி 11ஆம் தேதி லியோனார்ட் தாம்ஸன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அதற்கு முன்பு அந்த வயதில் இந்த நோய் வந்த பிள்ளைகள் எலும்பும் தோலுமாகிச் செத்துப்போனார்கள். எத்தனை கோடி உயிரைக் காத்த மருந்து! நான் உங்கள் முன்னால் நிற்பதே அந்த மருந்தால்தான். என் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் ஊசியை நிறுத்திவிடாதீர்கள். உயிர் காக்கிற மருந்து என்பதால்தான் அதற்கு மரியாதை கொடுக்கச் சொல்கிறேன்.

நம் தமிழ்நாடும் இந்த நோய்க்கு முன்கூட்டியே விழித்துக்கொண்ட மாநிலம்தான். டாக்டர் எம். விசுவநாதன் சென்னை ஸ்டான்லியில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது 1948ல். ஆனாலும் நோய் நம்மை முந்திக்கொண்டு ஓடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த ஆய்வு 2023ல் வெளியானது. நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு. இந்த மண்டபத்தில் ஒரு வரிசைக்கு ஒருவராவது இருப்பார். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

சரி, எப்போது இறங்குகிறது? மருந்து போய், சாப்பாடு போகாதபோது இறங்குகிறது. இவ்வளவுதான் அதன் அடிப்படை. நம் ஊரில் யாருக்கு இது அதிகம் நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, எல்லோருக்கும் பரிமாறி, பிள்ளைகளை அனுப்பி, பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்து, இன்னும் ஒரு கட்டு, இன்னும் ஒரு கட்டு என்று சுற்றி, பதினொரு மணிக்கு மிஞ்சியதைச் சாப்பிடுகிற தாய்க்குத்தான். மருந்து மணிப்படி போகிறது, சாப்பாடு மட்டும் கடைசியாகப் போகிறது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்த்துக்கொண்டு வேலை செய்யாது. வயிறு காலியாக இருந்தாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஆண்களே, உங்களைக் கேட்கிறேன். வீட்டில் யார் மாத்திரை போடுகிறார்களோ அவர் தட்டில் முதலில் இட்லி விழுகிறதா?

இன்னொன்று, இது நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டியது. கடையநல்லூரில் கடல் தாண்டிய ஆள் இல்லாத தெரு உண்டா? சிங்கப்பூர், மலேசியா, சவூதி, துபாய், குவைத். அங்கே இருந்து வருகிற மகன் என்ன கொண்டுவருகிறான்? சோப்பு, செண்ட், பாதாம், கூடவே அம்மாவுக்கு இன்சுலின் பாட்டில். பாசத்தோடுதான் கொண்டுவருகிறான். அங்கே நல்ல மருந்து, ஐஸ் பையில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறான். ஆனால் நம் ஊர் மருந்துக்கடையில் விற்கிற இன்சுலின் பாட்டிலில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கென்று செய்த சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. வெளிநாட்டுப் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி.

இப்போது அம்மா என்ன செய்கிறார்? கைப்பழக்கத்தில், இருக்கிற சிவப்பு மூடிச் சிரிஞ்சை எடுத்து, வழக்கம்போல 20 என்ற கோடு வரை இழுக்கிறார். அந்தக் கோட்டில் நிற்பது அரை மில்லி. பழைய பாட்டில் என்றால் அதில் 20 யூனிட். புதிய பாட்டிலில்? ஐம்பது! இரண்டரை மடங்கு! மகன் கொண்டுவந்த மருந்து, அம்மா போட்ட ஊசி, ஒரு துளிகூடத் தப்பான எண்ணம் இல்லை. விடியற்காலையில் எழுப்பினால் அம்மா எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது இது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், பிழைத்துக்கொண்டார். ஆகவே பாட்டிலில் 40 என்றிருந்தால் சிவப்பு மூடி, 100 என்றிருந்தால் ஆரஞ்சு மூடி. வீட்டில் எழுத்துத் தெரிந்த பிள்ளை யாராவது இன்றைக்கு ராத்திரியே ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிடுங்கள். பேனா ஊசியின் உள்ளே இருக்கிற குப்பியும் பெரும்பாலும் 100தான். அதில் இருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சால் மருந்தை உறிஞ்சி எடுக்கவே கூடாது.

நோன்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. நான் மார்க்கம் படித்தவன் அல்ல, உங்கள் ஆலிம்களுக்கு முன்னால் அதைப் பேசவும் மாட்டேன். நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை இருக்கிறது என்பதை எனக்குச் சொல்லித்தந்ததே இந்த ஊர் நண்பர்கள்தான். நான் மருத்துவக் கணக்கை மட்டும் சொல்கிறேன். 2001ல் இந்தியாவையும் சேர்த்து 13 நாடுகளில், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இருக்கிற இரண்டாம் வகை நோயாளிகளுக்கு, மற்ற மாதங்களைவிட ரமலானில் கடுமையான தாழ்சர்க்கரை ஏழரை மடங்கு கூடியது.  மருந்தை மாற்றி அமைக்காமல் நோன்பு வைப்பது ஆபத்தானது. காலையில் போடுகிற பெரிய அளவை அப்படியே ஸஹருக்குப் போட்டுவிட்டுப் பதின்மூன்று, பதினாலு மணி நேரம் பட்டினி இருந்தால் என்ன ஆகும்?

ஆகவே நோன்புக்கு ஒன்றரை மாதம், இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் போங்கள். நோன்பு வைக்கலாமா, வைத்தால் எந்த மருந்தைக் குறைப்பது, எதை இஃப்தாருக்கு மாற்றுவது என்று அவர் சொல்வார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது என்று உலமாக்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் தைரியமாகப் பாருங்கள். பகலில் 70க்குக் கீழே இறங்கிவிட்டால், மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றாலும் காத்திருக்காதீர்கள், உடனே நோன்பை விட்டுவிடுங்கள் என்பதுதான் மருத்துவர்களின் முடிவு. திருச்செந்தூருக்குக் கந்த சஷ்டி விரதம் இருக்கிறவர்களுக்கும், ஆடித்தபசுக்கு வெறும் வயிற்றோடு சங்கரன்கோவிலுக்கு நடக்கிறவர்களுக்கும் இதே பேச்சுதான்.

இறங்கிவிட்டால் என்ன செய்வது? நினைவு இருக்கிறது, விழுங்க முடிகிறது என்றால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். குளுக்கோஸ் இல்லையா, மூன்று கரண்டி சீனி. பழ ஜூஸ், கலர், எதுவானாலும் இனிப்பாக, தண்ணியாக இருக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதில் இருக்கிற கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ரத்தத்துக்கு விடும். அல்வாவும் அப்படித்தான், திருநெல்வேலிச் சீமையில் நின்றுகொண்டு அல்வா வேண்டாம் என்கிறேனே என்று வருத்தப்படாதீர்கள். கால்மணி நேரம் பொறுத்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு மூன்று கரண்டி. ஏறியதும் இரண்டு இட்லியோ, ஒரு தோசையோ கட்டாயம் சாப்பிட வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மருந்து உங்கள் மாத்திரையில் கலந்திருந்தால், சீனி சீக்கிரம் வேலை செய்யாது. சீனியை உடைத்து ரத்தத்தில் சேர்க்கிற வேலையையே அந்த மருந்து தடுத்து வைத்திருக்கும். அவர்களுக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும். மாத்திரை அட்டையைப் பாருங்கள், தெரியாவிட்டால் மருந்துக்கடைத் தம்பியிடம் கேளுங்கள். வீட்டில் எப்போதும் ஒரு பாக்கெட் குளுக்கோஸ் இருக்கட்டும்.

நினைவு போய்விட்டதா? வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தாய்மார்களே, பதற்றத்தில் நாம் செய்கிற பெரிய தவறு இதுதான். ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்கு அடியுங்கள். சர்க்கரை நோயாளி, இன்ன மருந்து சாப்பிடுகிறவர் என்று போனிலேயே சொல்லுங்கள். ரத்தக்குழாய் வழியாகக் குளுக்கோஸ் ஏறியதும், செத்துக் கிடந்தது போல் இருந்தவர் கண்ணைத் திறந்து, "ஏன் எல்லாரும் நிக்கிறீக?" என்று கேட்பார். உடனே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, அந்த மாத்திரையின் வேகம் அடங்குகிற வரை மறுபடி மறுபடி இறங்கும். வயதானவர், கிட்னி பலம் குறைந்தவர் என்றால் ஒருநாளுக்கு மேலும் ஆகலாம். ஆஸ்பத்திரியில் இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும்.

வயதானவர்களைப் பற்றி நினைக்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகிறது. மகன் ரியாத்தில், மகள் சென்னையில். பெரிய வீடு, உள்ளே ஒரே ஒரு ஆள். ராத்திரி இரண்டு மணிக்குச் சர்க்கரை இறங்கினால் யார் பார்ப்பார்கள்? தலையணை வேர்வையில் நனைந்திருக்கிறதா, கெட்ட கனவு வருகிறதா, காலையில் தலை பாரமாக இருக்கிறதா என்று போனில் கேளுங்கள். ராத்திரி இறங்கி ஏறியதற்கு இவை அடையாளங்கள். "அம்மா, சுகர் எவ்வளவு?" என்று கேட்கிற பிள்ளைகளே, "சாப்பிட்டியா?" என்று முதலில் கேளுங்கள். அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதில் நூறு நூற்றிப்பத்து என்று பிடித்து வைக்கப் பார்க்காதீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரம் பேருக்கு மேல் வைத்து நடத்திய ஆராய்ச்சியில், சர்க்கரையை மிகவும் கீழே அழுத்தப் பார்த்த பிரிவில் சாவு கூடியதால் 2008ல் அந்தச் சிகிச்சையையே நிறுத்தினார்கள். வயதுக்குத் தகுந்த அளவு எது என்று டாக்டரிடம் கேட்டு, அதோடு நில்லுங்கள்.

2021 ஆகஸ்டு 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம், மனமாரப் பாராட்டுகிறேன். மாத்திரை கொண்டுவருகிற சகோதரிகள் யாராவது இங்கே இருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது, போன மாதத்தில் கை நடுங்கியதா, கண் இருட்டியதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமாம் என்றால் டாக்டரிடம் அனுப்புங்கள். இரத்த அழுத்தத்துக்குப் போடுகிற சில மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். அடிக்கடி இறங்கிப் பழகிய உடம்பும் மணி அடிப்பதை நிறுத்திவிடும். அப்படிப்பட்டவர்கள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விழுவார்கள்.

கடைசியாக, மறைப்பதைப் பற்றி. இன்சுலின் போடுகிற சின்னப் பிள்ளைகள் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இருக்கிறார்கள். பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்று டீச்சரிடம்கூடச் சொல்லாத பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதை உண்டாக்கியது நாம்தான், பெண் பார்க்கப் போகிற நாம்தான். ஆனால் கணக்குப் பாடத்தின் நடுவில் அந்தப் பிள்ளை மேசையில் தலைசாய்த்தால், தூங்குகிறாள் என்று டீச்சர் விட்டுவிட்டால், என்ன செய்வீர்கள்? டீச்சரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருகிற தோழியிடமும் சொல்லுங்கள். பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்.

நான் இப்போது பஸ் ஏறினால் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொல்லிவிடுகிறேன். "எனக்குச் சுகர் உண்டு, இன்சுலின் போடுறேன். உளறினா இந்தப் பையில குளுக்கோஸ் இருக்கு, கரைச்சுக் குடுங்க." முதல் தடவை சொல்லும்போது நாக்கு எழவில்லை. இப்போது பழகிவிட்டது. இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை. "எங்க வீட்டுலயும் இருக்கு" என்றுதான் பாதிப்பேர் சொல்கிறார்கள்.

மணி எட்டு இருபத்தைந்து. வாசலில் குளுக்கோமீட்டரோடு நர்ஸ் தங்கை உட்கார்ந்திருக்கிறார். கை நடுங்குகிறவர்கள், தலை சுற்றுகிறவர்கள் முதலில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள், மேசைமேல் குளுக்கோஸ் தண்ணீரும் இருக்கிறது. மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்பு வலது பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள், "ராத்திரி மாத்திரை போட்டாச்சா, சாப்பிட்டாச்சா?" போட்டாச்சு, சாப்பிடவில்லை என்று சொன்னால், அவரைத் தனியாக அனுப்பாமல் வீடு வரைக்கும் கூடப் போய்விட்டு வாருங்கள்.